பித்தளையில் பொறித்த பெயர்

ஒரு நூலை இயற்றியவர் யார் என்ற கேள்வி நமது இலக்கிய உலகில் ஓயாத ஒன்று. சங்கப் புலவர் சிலருடைய இயற்பெயர் நமக்கு எட்டவில்லை. அவர்கள் பாட்டில் ஆண்ட தொடரையே பெயராக்கி, செம்புலப்பெயனீரார் என்றும் அணிலாடு முன்றிலார் என்றும் வழங்கி வருகிறோம். கலித்தொகையை 1887 இல் அச்சேற்றிய யாழ்ப்பாணத்துச் சி. வை. தாமோதரம்பிள்ளை அதனை நல்லந்துவனாருடைய நூலாகக் கொண்டார். ஐந்து திணைகளை ஐவர் பாடினர் என்போர் மறுபுறம் நின்றனர். முகப்பில் உள்ள பெயர் இயற்றியவருடையதா, தொகுத்தவருடையதா என்பதே அங்கு வழக்கு.

இதே வழக்கு பித்தளையிலும் உண்டு. இன்றைய உரையில் நான் எடுத்துக்கொள்வது ஏட்டுச்சுவடி அல்ல. பலர் கைமாறிய பழைய வாத்தியம் ஒன்று.

இசை ஆசிரியரான நண்பர் ஒருவர் கொழும்பில் பழைய சாமான் கடையொன்றில் கோர்னெட் ஒன்றை வாங்கினார். டிரம்பெட்டின் தம்பி என்று சொல்லத்தக்க, உருவில் குறுகிய வாத்தியம் அது. தேவாலயத் திருநாள் ஊர்வலங்களிலும், பாடசாலைகளுக்கிடையிலான பெரிய கிரிக்கெட் போட்டிகளில் முழங்கும் ‘பப்பரே’ இசையிலும் இவ்வகைப் பித்தளை வாத்தியங்களை நம்மவர் கேட்டே இருப்பர். வெள்ளிப் பூச்சு பெரும்பாலும் தேய்ந்து, உள்ளிருந்த பித்தளை மஞ்சளாகத் தெரிந்தது. ஊதுவாய் வேறொரு வாத்தியத்தினுடையது. “இதைச் செய்தவர் யார், எப்போது செய்தார் என்று பார்த்துச் சொல்லுங்கள்” என்று நண்பர் என்னிடம் தந்தார்.

நாதஸ்வரத்தில் அணசு என்கிறோமே, அதுபோன்ற விரிந்த வாய்ப்பகுதியில் எழுத்துகள் மங்கலாகத் தெரிந்தன. ஒரு நட்சத்திரம், ‘பெஸ்ஸோன் கம்பனி’ என்ற பெயர், ‘புரோட்டோடைப்’ என்ற சொல், ‘198, யூஸ்டன் வீதி, இலண்டன்’ என்ற முகவரி. நடு வால்வின் உறையில் ஒரு தொடர் இலக்கம். பெயர்தான் இருக்கிறதே, இனி என்ன தேட்டம் என்று நேயர்கள் கேட்கலாம். தேட்டம் அங்கேதான் தொடங்குகிறது.

பெயர் யாருடையது?

பித்தளை வாத்தியத்தின் வாயில் உள்ள பெயர் பெரும்பாலும் அதைச் செய்தவருடையது அல்ல, விற்றவருடையது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரான்சில் கூஸ்னோன், திபுவில்-லமி முதலிய பெரும் உற்பத்தியாளர்கள் ஆயிரக்கணக்கில் வாத்தியங்களைச் செய்து உலகெங்கும் அனுப்பினர். பல ஊர்களின் இசைக் கடைக்காரர் அவற்றில் தமது பெயரைப் பொறித்து விற்றனர். வாங்கியவர் தமது ஊர்க் கடைக்காரரே செய்தார் என்று நம்பினார். அவருடைய பேரனும் அதையே சொன்னான்.

சில வேளைகளில் பெயர் மனிதரை விட்டுப் பிரிந்து தனியே வாழும். ஹென்றி டிஸ்டின் என்பவர் இலண்டனில் புகழ்பெற்ற வாத்திய உற்பத்தியாளர். 1868 இல் அவர் தமது தொழிலை பூசி கம்பனிக்கு விற்றுவிட்டார். ஆனாலும் அதன்பின் சில ஆண்டுகள் அங்கு செய்யப்பட்ட வாத்தியங்கள் டிஸ்டின் என்ற பெயரையே தாங்கி வந்தன. டிஸ்டினோ பின்னர் அமெரிக்கா சென்று, அங்கே மீண்டும் தம் பெயரில் தொழில் நடத்தினார். ஆக, டிஸ்டின் பெயருள்ள வாத்தியம் அவர் பட்டறையில் பிறந்ததாகவும் இருக்கலாம். அவர் வாசல்படி மிதியாத பட்டறையில் பிறந்ததாகவும் இருக்கலாம்.

பெயரே இல்லாத கைகளும் உண்டு. ஜேர்மனியின் சக்சனி மாநிலத்தில் மார்க்நொய்கிர்ஷன் என்றொரு சிறுநகர். எல்லைக்கு அப்பால் பொஹீமியாவில் கிராஸ்லிட்ஸ் என்ற நகர். இவ்விரண்டையும் சுற்றியுள்ள ஊர்களில் வாத்தியத் தொழில் குடிசைத் தொழிலாக நடந்தது. ஒரு வீட்டில் வால்வு மட்டும் செய்வர். இன்னொரு வீட்டில் விரிந்த வாயை அடித்து உருவாக்குவர். வேறொருவர் குழாய்களை வளைப்பார். வணிகர் இவற்றை வாங்கிப் பொருத்துவித்து, கேட்டவர் கேட்ட பெயரைப் பொறித்து ஏற்றுமதி செய்தார். இந்த வணிகம் எவ்வளவு பெரிதாக இருந்தது என்றால், 1893 முதல் 1916 வரை ஐக்கிய அமெரிக்கா இந்தச் சிறுநகரில் தனக்கென ஒரு தூதரக முகவரகமே வைத்திருந்தது. அவ்வீடுகளில் குனிந்திருந்து பற்றவைத்தவர்களின் பெயர் எந்த வாத்தியத்தின் வாயிலும் ஏறவில்லை.

உடல் சொல்லும் சாட்சி

பெயர் இப்படிப்பட்டதென்றால் வேறு எதை நம்புவது? ஏட்டின் முகப்பை விட்டு உள்ளே மொழியைப் பார்ப்பதுபோல, வாத்தியத்தின் உடலைப் பார்க்க வேண்டும்.

முதற் சாட்சி முகவரி. கம்பனியின் பெயர் நிலைத்திருக்கும். வீதியும் இலக்கமும் மாறும். பூசி கம்பனி 1874 வரை ஹோலிஸ் வீதியில் இருந்தது. பின்னர் ரீஜன்ட் வீதி 295 ஆம் இலக்கத்துக்கு மாறியது. ஆகவே பூசி வாத்தியத்தில் எந்த வீதி உள்ளது என்று பார்த்தாலே காலம் இரண்டாகப் பிரிந்துவிடும். அக்கம்பனி ஹோக்ஸ் கம்பனியுடன் இணைந்தது 1930 இல். இரு பெயரும் சேர்ந்திருந்தால் வாத்தியம் அதற்கு முந்தியதாக இருக்க முடியாது.

இரண்டாவது சாட்சி பதக்கம். 1851 இல் இலண்டனிலும், 1855, 1867, 1878 ஆம் ஆண்டுகளில் பாரிஸிலும் பெரும் கண்காட்சிகள் நடந்தன. பதக்கம் பெற்றோர் அதைத் தமது வாத்தியங்களில் பெருமையுடன் பொறித்தனர். 1878 ஆம் ஆண்டுப் பதக்கத்தைக் காட்டும் வாத்தியம் 1878 க்கு முன் பிறந்திருக்க இயலாது. தற்பெருமைக்காகப் பொறித்தது நமக்குக் காலக்கணிதமாகிறது.

மூன்றாவது, சட்டம் எழுதவைத்த சொற்கள். பிரெஞ்சு வாத்தியங்களில் ‘எஸ்.ஜி.டி.ஜி.’ என்ற நான்கு எழுத்துகளைக் காணலாம். ‘அரசாங்கத்தின் உத்தரவாதம் இன்றி’ என்பது அதன் பொருள். 1844 ஆம் ஆண்டுச் சட்டப்படி பிரெஞ்சு அரசு ஆராயாமலே காப்புரிமை வழங்கியது. பொருளின் தரத்துக்கு நாம் பொறுப்பல்ல என்பதையும் பொருளிலேயே எழுதச் சொன்னது. அரசாங்கம் கைவிரித்ததைக் கூடத் தகுதிச் சான்றிதழ் போல அழகிய எழுத்தில் பொறித்தனர் உற்பத்தியாளர்கள். அமெரிக்காவிலோ, 1890 ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தின்படி இறக்குமதிப் பொருளில் அது செய்யப்பட்ட நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்றானது. உள்ளூர்க் கடைக்காரர் பெயருக்குக் கீழே ‘ஜேர்மனி’ என்ற சொல் சிறிய எழுத்தில் வந்தமர்ந்தது.

நான்காவது வால்வு. வாத்தியத்தின் எலும்புக்கூடு இதுதான் எனலாம். ஸ்டோல்சல், புளூமெல் என்னும் இருவர் 1818 இல் பிரஷ்யாவில் வால்வுக்குக் காப்புரிமை பெற்றனர். ஸ்டோல்சலின் பெயரால் வழங்கும் வால்வில் காற்று பிஸ்டனின் அடிப்பக்கத்தால் செல்லும். மெலிந்து நீண்ட அதன் தோற்றத்தைப் பார்த்தவுடன் அடையாளம் காணலாம். பாரிஸில் பெரினே என்பவர் 1830களின் இறுதியில் அமைத்த பருமனான பிஸ்டன் வால்வே இன்றைய டிரம்பெட்டின் வால்வுக்கு முன்னோடி. வியன்னாவில் 1835 இல் சுழலும் வால்வு வந்தது. மத்திய ஐரோப்பா அதைத் தனதாக்கிக்கொண்டது. எனவே பிஸ்டனா, சுழல் வால்வா என்பது ஊரைச் சொல்லும். ஆயினும் ஒரு எச்சரிக்கை: ஸ்டோல்சல் வால்வு கொண்ட மலிவான கோர்னெட்டுகள் புதிய வால்வு வந்து பல பத்தாண்டுகள் சென்ற பின்னும் பிரான்சில் செய்யப்பட்டு வந்தன. பழைய நடையில் எழுதியதெல்லாம் பழைய நூல் ஆகாது.

ஐந்தாவது சுருதி. பிரித்தானியாவின் பாண்ட் வாத்தியக் குழுக்கள் நெடுங்காலம் உயர்ந்த சுருதியில் வாசித்தன. இன்று ‘ஏ’ என்ற சுரம் விநாடிக்கு 440 அதிர்வுகள். 1939 இல் இலண்டனில் கூடிய சர்வதேச மாநாடு இதை ஏற்றுக்கொண்டது. பழைய பிரித்தானிய உயர் சுருதியில் அது 452.5. அரைச்சுர இடைவெளியில் ஏறத்தாழப் பாதி வித்தியாசம். அங்குள்ள பித்தளை வாத்தியக் குழுக்கள் 1960கள் வரை இச்சுருதியை விடவில்லை. நண்பரின் கோர்னெட்டைக் கீபோர்டுடன் சேர்த்து ஊதியபோது, சுருதி திருத்தும் குழாயை இழுக்கக்கூடிய அளவு இழுத்தும் அது மேலேயே நின்றது. குறையென்று நண்பர் வருந்தினார். எனக்கோ அது பிறப்புச் சாட்சிப் பத்திரத்தில் ஒரு வரியாகப் பட்டது.

இங்கே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நமது பிராந்தியத்தில் வட இந்தியாவின் மீரட் நகரம் பாண்ட் வாத்தியத் தொழிலுக்குப் பெயர்போனது. பிரித்தானிய மாதிரிகளைப் பார்த்து அங்கே செய்யப்பட்ட வாத்தியங்கள் ஏராளம். ஆகவே கொழும்பில் ஒரு பழைய வாத்தியம் கிடைத்தால், தோற்றத்தை மட்டும் கொண்டு இலண்டன் என்று சொல்லிவிட முடியாது. முகவரி, இலக்கம், சுருதி, வால்வு ஆகிய நான்கும் ஒரே திசையைக் காட்ட வேண்டும். நண்பரின் கோர்னெட்டில் நான்கும் யூஸ்டன் வீதியையே காட்டின.

பெஸ்ஸோன் குடும்பம்

சரி, யூஸ்டன் வீதியில் இருந்த பெஸ்ஸோன் யார்?

குஸ்தாவ் ஒகஸ்த் பெஸ்ஸோன் 1820 இல் பிறந்த பிரெஞ்சுக்காரர். இளவயதிலேயே பாரிஸில் பட்டறை அமைத்து, கோர்னெட் செய்வதில் பெயர் பெற்றார். அவருடைய காலத்தில் பாரிஸில் இன்னொரு பெரிய ஆள் இருந்தார்: சாக்ஸபோனுக்குத் தன் பெயரைக் கொடுத்த அடொல்ஃப் சாக்ஸ். பெல்ஜியத்தில் பிறந்த சாக்ஸ் 1840களில் பித்தளை வாத்தியங்களுக்கும் காப்புரிமை பெற்றார். பாரிஸ் உற்பத்தியாளர்கள் ஒன்றுகூடி அதை எதிர்த்தனர். சாக்ஸ் அவர்கள்மீது வழக்குத் தொடுத்தார். வழக்குகள் ஆண்டுக்கணக்கில் நீண்டன. தீர்ப்புத் தமக்கு எதிராகத் திரும்பவே, 1850களின் பிற்பகுதியில் பெஸ்ஸோன் கடல் கடந்து இலண்டனுக்குப் போனார். வென்றவர் வாழ்ந்தாரா என்றால் அதுவும் இல்லை. சாக்ஸ் தம் வாழ்நாளில் மூன்று முறை வங்குரோத்தானார்.

பெஸ்ஸோன் இலண்டனில் பட்டறை தொடங்கினார். பாரிஸ் பட்டறை? அது அவருடைய மனைவியான புளோரன்டீனின் பெயரில் நடந்தது. பாரிஸிலிருந்து வந்த வாத்தியங்களில் ‘எஃப். பெஸ்ஸோன்’ என்று பொறிக்கப்பட்டிருக்கும். குஸ்தாவ் ஒகஸ்த் என்ற பெயரில் ‘எஃப்’ எங்கே இருக்கிறது? அந்த எழுத்து புளோரன்டீனுடையது. பிற்காலத்தில் இந்த ‘எஃப். பெஸ்ஸோன்’ டிரம்பெட் அமெரிக்காவில் பெரும் மதிப்புப் பெற்றது. வின்சன்ட் பாக் என்ற உற்பத்தியாளர் 1920களில் டிரம்பெட் செய்யத் தொடங்கியபோது அதையே முன்மாதிரியாகக் கொண்டார். ஒரு பெண்ணின் முதலெழுத்து எத்தனையோ ஆண் வித்துவான்களின் கைகளில் உலகம் சுற்றியது. அது யாருடைய எழுத்து என்று கேட்டவர் குறைவு.

குஸ்தாவ் 1874 இல் இறந்தார். சில ஆண்டுகளில் புளோரன்டீனும் மறைய, தொழில் மகள் மார்த்தின் கைக்கு வந்தது. பாரிஸில் ஒன்று, இலண்டனில் ஒன்று என இரு தொழிற்சாலைகளுக்கு அவர் உரிமையாளர். இலண்டன் கம்பனி 1895 இல் அவர் கையை விட்டுப் போகும்வரை, யூஸ்டன் வீதியில் செய்யப்பட்ட ஒவ்வொரு கோர்னெட்டும் மார்த் பெஸ்ஸோனின் தொழிற்சாலையில் பிறந்ததே. அந்த வாத்தியங்களில் மார்த் என்ற பெயர் இல்லை. தந்தையின் குடும்பப்பெயரும் ‘கம்பனி’ என்ற சொல்லுமே உண்டு.

கோர்னெட்டில் இருந்த ‘புரோட்டோடைப்’ என்ற சொல்லுக்கு வருவோம். மூலமாதிரி என்பது அதன் பொருள். உருக்கினால் செய்த கூம்பு வடிவ அச்சுகளை 1850களில் பெஸ்ஸோன் உருவாக்கினார். பித்தளைக் குழாயின் ஒவ்வொரு பகுதியையும் அந்த அச்சின்மேல் ஏற்றி வடிவமைத்தால், நூறு வாத்தியமும் ஒரே அளவில் அமையும். முன்பு கைத்தேர்ச்சியும் கண்மட்டமும் செய்த வேலையை இனி அச்சு செய்தது. நன்றாக அமைந்த ஒரு வாத்தியத்தை மீண்டும் மீண்டும் பெறும் வழி இதுவே. எனினும் இதில் ஒரு வேடிக்கை உண்டு. மூலத்தை அப்படியே பிரதி செய்யும் முறைக்கு மூலமாதிரி என்று பெயர். படியெடுத்த ஏடு ஒவ்வொன்றும் ‘நானே மூல ஏடு’ என்று நெற்றியில் எழுதிக்கொண்டது போலத்தான் இது.

பழைய உயிர்களும் பழைய கோர்னெட்டுகளும்

இப்படிப்பட்ட விடயங்கள் நமக்குத் தெரியவந்தது சிலருடைய பொறுமையினால். எடின்பரோவைச் சேர்ந்த லிண்டசே லாங்வில் தொழிலால் கணக்காளர். காற்று வாத்தியம் செய்தவர்களின் பெயர்களைத் திரட்டி 1960 இல் ஒரு பெயரகராதி வெளியிட்டார். வில்லியம் வாட்டர்ஹவுஸ் அதைப் பெரிதும் விரித்து 1993 இல் புதிய பதிப்பாகத் தந்தார். பழைய வாத்தியம் கையில் கிடைத்தவர்கள் முதலில் புரட்டும் நூல் அது.

இன்னொருவர் நைல்ஸ் எல்ட்ரெட்ஜ். இவர் வரலாற்றாசிரியர் அல்லர். நியூயோர்க் இயற்கை வரலாற்று நூதனசாலையில் பணியாற்றிய தொல்லுயிரியல் அறிஞர். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கடலில் வாழ்ந்த ட்ரைலோபைட் என்ற உயிரினங்களின் கற்படிவங்களை ஆராய்ந்தவர். 1972 இல் ஸ்டீபன் ஜே கூல்ட் என்பவருடன் சேர்ந்து கூர்ப்புப் பற்றிப் புகழ்பெற்ற கருத்தொன்றை வெளியிட்டார். ஓய்வு நேரத்தில் அவர் கோர்னெட் ஊதுவார். நூற்றுக்கணக்கான பழைய கோர்னெட்டுகளைச் சேகரித்தார். கற்படிவங்களை வரிசைப்படுத்தியதுபோலவே அவற்றையும் வரிசைப்படுத்திப் பார்த்தார்.

அவர் கண்டது என்ன? உயிரினம் தன் பெற்றோரிடமிருந்து மட்டுமே உடலமைப்பைப் பெறுகிறது. கோர்னெட் அப்படியல்ல. ஓர் உற்பத்தியாளர் நல்ல அமைப்பொன்றைக் கண்டுபிடித்தால், காப்புரிமை முடிந்ததும், சில வேளை முடியும் முன்னரும், மற்றவர் எல்லோரும் அதை எடுத்துக்கொள்வர். அண்டை வீட்டாரின் மூக்கு நம் வீட்டுக் குழந்தைக்கு வந்ததுபோல இருக்கும். ஆகவே கோர்னெட்டுகளுக்கு ஒரு வம்ச விருட்சம் வரைய முயன்றால் கிளைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. உடலமைப்பை வைத்துச் செய்தவரைக் கண்டுபிடிப்பது ஏன் கடினம் என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் நான் அறியேன்.

அதனால்தான் ஏடு தேவைப்படுகிறது. இங்கு ஏடு என்றால் தொழிற்சாலையின் பேரேடு. 1948 இல் பெஸ்ஸோன் கம்பனி பூசி அன்ட் ஹோக்ஸ் கம்பனியின் கைக்குப் போனபோது பழைய பேரேடுகளும் அங்கு சென்றன. 2004 இல் அக்கம்பனியின் அரும்பொருட் தொகுதி இலண்டன் ஹோர்னிமன் நூதனசாலையை வந்தடைந்தது. இந்தப் பதிவுகளின் துணையோடு எல்ட்ரெட்ஜும் எடின்பரோ அறிஞர் ஆர்னல்ட் மையர்ஸும் எழுதிய ஆய்வு 2006 இல் கால்பின் சங்கத்தின் ஆய்விதழில் வந்தது. மார்த் பெஸ்ஸோனின் இலண்டன் தொழிற்சாலை என்று அதன் தலைப்பிலேயே குறிப்பிட்டிருந்தனர். பித்தளையில் நூறு வருடமாக இல்லாத பெயர் காகிதத்தில் உரிய இடத்துக்கு வந்தது.

நண்பருடைய கோர்னெட்டின் இலக்கத்தை வெளிவந்துள்ள அட்டவணைகளுடன் ஒப்பிட்டேன். அது 1895 க்கு முந்திய வரிசையில் விழுந்தது. ‘செய்தவர் யார்?’ என்ற கேள்விக்கு நான் நண்பருக்கு எழுதிக் கொடுத்த விடை இதுதான்: ‘குஸ்தாவ் பெஸ்ஸோன் வகுத்த அச்சில், அவர் இறந்து பல ஆண்டுகளுக்குப் பின், அவர் மகள் மார்த்துக்குச் சொந்தமான இலண்டன் தொழிற்சாலையில், தொழிலாளர் செய்தது.’ ஒரு பெயர் கேட்டவருக்கு ஒரு குடும்பமும் ஒரு தொழிற்சாலையும் கிடைத்தன. மினுக்குவதற்கு எண்ணியிருந்த அவரை அதைச் செய்யவேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டேன். பழைய பித்தளையை அழுத்தி மினுக்க மினுக்கப் பொறிப்பு தேய்ந்து போகும். பளபளப்பு வரும், சாட்சி போய்விடும்.

இக்கதைக்கு ஒரு பின்னுரையும் உண்டு. இரண்டாம் உலக யுத்தத்தின் பின் 1945–46 இல், கிராஸ்லிட்ஸ் உட்படச் செக் நாட்டுப் பகுதிகளில் வாழ்ந்த ஜேர்மன் மொழி பேசுவோர் பெருந்தொகையாக வெளியேற்றப்பட்டனர். தலைமுறை தலைமுறையாகப் பெயரின்றி வாத்தியம் செய்தவர்கள் இப்போது ஊருமின்றிப் போயினர். எல்லைக்கு இப்பால் மார்க்நொய்கிர்ஷனில் தொழில் தொடர்ந்தது. 2006 இல் பிரான்சின் புஃபே கிராம்போன் கம்பனி பெஸ்ஸோன் என்ற வர்த்தகப் பெயரை வாங்கியது. இந்த நூற்றாண்டில் அப்பெயர் தாங்கிய வாத்தியங்கள் எங்கே செய்யப்படலாயின தெரியுமா? அதே மார்க்நொய்கிர்ஷனில். அன்று எவரெவர் பெயருக்கோ வேலை செய்த ஊர், பாரிஸில் பிறந்து இலண்டனில் வளர்ந்த பெஸ்ஸோனின் பெயரையும் ஏற்றுக்கொண்டது.

எனவே நேயர்களே, பழைய வாத்தியம் ஒன்று உங்கள் கைக்கு வந்தால் அதன் வாயில் உள்ள பெயரைப் படியுங்கள். ஆனால் அத்தோடு நிறுத்திவிடாதீர்கள். முகவரியையும் இலக்கத்தையும் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். வால்வைக் கழற்றிப் பாருங்கள். பெரிய பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் என்ன இருக்கிறது என்று ஒரு பூதக்கண்ணாடி கொண்டு தேடுங்கள். பெயர் பெற்றவர்களை உலகம் எப்படியும் நினைவில் வைத்திருக்கும். பற்றவைத்த கைகளை நினைவில் வைத்திருப்பது, தேடிப் படிக்கும் நம்போன்றவர்களின் பொறுப்பு.